தோப்பு வீட்டு கேட், நாய், பார்சல்: நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

வாய்க்கால்மேடு (கோபாலபுரம் பக்கம், பொள்ளாச்சி) எழுதியது:

வணக்கம். நான் இங்கே வழக்கமாகத் தென்னை வெள்ளை ஈ பற்றிப் புலம்புகிறவன். இந்தத் தடவை விஷயம் வேறு.

எங்கள் தோப்பு 5 ஏக்கர். ரோட்டோரம் கேட், வீடு உள்ளே 180 மீட்டர் தள்ளி. நடுவில் தென்னை, வரப்பு, ஒரு வாய்க்கால். நாய் ஒன்று, பெயர் மணி. கோம்பையும் வேறு ஏதோ ஒன்றும் கலந்தது, மூன்று வயசு. செம்மண் நிறம், மூஞ்சி மட்டும் கரிச்சட்டியில் விட்டு எடுத்த மாதிரி. பகலிலும் அவிழ்த்துவிட்டுத்தான் இருக்கும்.

போன செவ்வாய்க்கிழமை சொட்டு நீர் ஃபில்டருக்கு ஆர்டர் போட்ட டிஸ்க் வந்தது. நான் மோட்டார் ரூமில் இருந்தேன், போன் வீட்டில். கூரியர் தம்பி மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார், ஹாரன் அடித்திருக்கிறார், கடைசியில் கேட் தாழ்ப்பாளை அவரே நீக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். மணி எந்தப் பக்கமிருந்து வந்ததோ தெரியாது. அவர் ஓட, இது துரத்த, அவர் வாய்க்காலில் குதித்து அந்தப் பக்கம் ஏறிவிட்டார். கடி இல்லை. நான் போய்ச் சேர்வதற்குள் பார்சலோடு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அவருடைய ஒரு செருப்பு மட்டும் மணியிடம் மாட்டிக்கொண்டது.

பத்து நிமிஷத்தில் எனக்கு மெசேஜ்: ‘வாடிக்கையாளர் பார்சலை வாங்க மறுத்துவிட்டார்.’

பார்த்ததும் கோபம்தான் வந்தது. நான் எங்கே மறுத்தேன்? கேட்டைத் திறந்தது அவர் தப்பு என்று நான் சொல்கிறேன். வீட்டில் அம்மா கூரியர் கட்சி. “அந்தப் பையன் ஒத்தச் செருப்போட வண்டி ஓட்டிட்டுப் போறான், நீ மெசேஜைப் பாத்துட்டு நிக்கிற” என்று இரண்டு நாளாகப் பேச்சு. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?


கொழிஞ்சாம்பாறைக்காரி எழுதியது:

அம்மா பக்கம் ஒரு ஓட்டு.

வெளியே நின்று கம்பி இடுக்கில் கையை விட்டு நீக்க முடிகிற தாழ்ப்பாளை யார் பார்த்தாலும் திறந்துகொண்டு வரலாம் என்றுதான் நினைப்பார்கள். நம் ஊரில் வீட்டுக்கு வருகிற ஆள் அப்படித்தானே காலங்காலமாக வருகிறார்? பூட்டுப் போடுங்கள். பூட்டைப் பார்த்தால் ஆள் நிற்பார்.

போர்டு வைத்திருக்கிறீர்களா? எந்த மொழியில்? எங்கள் கேரள எல்லைப் பக்கம் இது சின்ன விஷயமில்லை. என் மாமனார் உடுமலைக்காரர். பெண் பார்க்க முதல் தடவை வந்தபோது எங்கள் கேட்டில் இருந்த மலையாள போர்டை என் தம்பி வாசித்துக் காட்டியிருக்கிறான்: ‘பட்டியுண்டு, சூக்ஷிக்குக.’ அவர், “பட்டி இருந்தா நல்லதுதானே, எத்தனை உருப்படி கெடக்குது?” என்று ஆட்டுக் கணக்குக் கேட்டபடியே உள்ளே நடந்துவிட்டார். மலையாளத்தில் பட்டி என்றால் நாய் என்று அவருக்குக் கால் சட்டையில் தெரிந்தது. கல்யாணம் நின்றுபோகவில்லை, அது வேறு கதை.

இப்போது எங்கள் போர்டில் தமிழ், மலையாளம் இரண்டும் உண்டு. கீழே போன் நம்பர் இரண்டு. ஒன்று என்னுடையது, ஒன்று வீட்டிலேயே இருக்கிறவர்களுடையது. உங்கள் கேட்டில் நம்பர் இருந்ததா?

இன்னொன்று. கேரளா பக்கம் வீட்டு நாய்க்குப் பஞ்சாயத்து லைசன்ஸ் வேண்டும். 1998-லிருந்து அதற்குத் தனி விதிகளே இருக்கின்றன. வெறிநாய்த் தடுப்பூசிச் சீட்டைக் காட்டினால்தான் கொடுப்பார்கள். உங்கள் பக்கம் கேட்கிறார்களோ இல்லையோ, ஊசி போட்டாயிற்றா? கடிக்காதவரை யாரும் கேட்க மாட்டார்கள், கடித்த அன்று எல்லோரும் கேட்பார்கள்.


பார்சல் தம்பி எழுதியது:

அந்த ஆள் நான் இல்லை. ஆனால் அதே வேலைதான். கிணத்துக்கடவு, நெகமம் பக்கம் என் லைன்.

‘வாங்க மறுத்தார்’ என்று ஏன் வந்தது என்று சொல்கிறேன். எங்கள் ஆப்பில் கொடுக்க முடியாத பார்சலுக்கு ஒரு காரணத்தைத் தொட்டால்தான் அடுத்ததுக்குப் போகும். வீடு பூட்டியிருந்தது, முகவரி தப்பு, போன் எடுக்கவில்லை, வாங்க மறுத்தார். இவ்வளவுதான். ‘நாய்’ என்று ஒன்று கிடையாது. சேற்றோடு நின்றுகொண்டு எது கையில் பட்டதோ அதைத் தொட்டிருப்பார். அண்ணன் அதைத் தன் மேல் போட்ட பழியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

டவுனில் ஒரு தெருவில் பத்து பார்சல் கொடுத்துவிடலாம். தோப்பு வீட்டுக்கு ஒரே பார்சலுக்கு மண் ரோட்டில் 3 கிலோமீட்டர் போக வேண்டும். கொடுத்தால்தான் காசு. கொடுக்காமல் திரும்பினால் பெட்ரோலும் போச்சு, நாளைக்கு மறுபடியும் அதே ரோடு. அந்தக் கணக்கில்தான் சில பேர் தாழ்ப்பாளை நீக்குகிறோம். தப்புதான். நான் நீக்குவதில்லை, ஒரு தடவை பட்டுவிட்டேன்.

எங்களை அதிகம் பயமுறுத்துவது குரைக்கிற நாய் இல்லை. வீட்டுத் திண்ணையில் நின்றுகொண்டு, “ஒண்ணும் பண்ணாதுங்க, சும்மா வாங்க” என்று சொல்கிற ஓனர்தான். நீங்கள் பக்கத்தில் நின்றால் அது ஒன்றும் பண்ணாது. நீங்கள் நிற்பது 100 மீட்டர் தள்ளி. அந்த 100 மீட்டரும் நானும் அதுவும் மட்டும்தான்.

ஹெல்மெட், மழைக்கோட்டு, முதுகில் மூட்டை. நாய் கண்ணுக்கு நாங்கள் மனுஷ உருவத்திலேயே இல்லை. கேட்டில் நின்று ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு நாலு வார்த்தை பேசினாலே சில நாய்கள் தணிந்துவிடும். தணியாததும் உண்டு. உள்ளே மாட்டிக்கொண்டால் ஓடக் கூடாது, முதுகைக் காட்டக் கூடாது, முறைத்துப் பார்க்கவும் கூடாது. பார்சலையோ பையையோ முன்னால் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் மெதுவாகப் பின்வாங்க வேண்டும். இது எனக்குத் தெரியும், இருந்தாலும் கால் கேட்காது.


செம்மேடு எழுதியது:

சுலபமான வழி சொல்கிறேன். கேட் தூணில் ஒரு பிஸ்கட் டப்பா கட்டி வையுங்கள். வருகிறவர் ஆளுக்கு இரண்டு பிஸ்கட் உள்ளே எறியட்டும். ஒரே மாசத்தில் நாய் கூரியர் வண்டிச் சத்தம் கேட்டால் வாலை ஆட்டும். எங்கள் வீட்டில் ஆட்டுகிறது.


கரட்டுக்காடு (ஆனைமலை) எழுதியது:

ஏனுங்க தம்பி, பிஸ்கட் போட்டுப் பழக்கிவிட்டால் அப்புறம் தோப்பில் நாய் எதுக்குங்க?

தேங்காய் வெட்டு 45 நாளைக்கு ஒருமுறை. வெட்டிக் களத்தில் குவித்தால் வியாபாரி லாரி வருகிறவரைக்கும் ராத்திரியும் பகலும் காவல் வேண்டும். மோட்டார் ஒயரை அறுத்துச் செம்பு எடுக்கிறவன் இருக்கிறான். அவனுக்கும் பிஸ்கட் வாங்கத் தெரியும். பிஸ்கட்டில் குருணை மருந்து வைக்கவும் தெரியும். எங்கள் தோப்பில் அப்படி ஒரு நாயைப் பறிகொடுத்தோம். வெளி ஆள் கையில் தின்னாத நாய்தான் தோட்டத்து நாய்.

அந்தக் கூரியர் பையன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் நாய் செய்தது அதன் வேலை. அதைப் போய்த் தப்பு என்கிறீர்களே.


பார்சல் தம்பி எழுதியது:

கரட்டுக்காடு ஐயா, உங்கள் நாய் அதன் வேலையைச் செய்யட்டும். என் வேலைக்கு நான் உங்கள் தோப்புக்குள் வரவே தேவையில்லாத மாதிரி ஒரு ஏற்பாடு செய்துவிடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.


ஊசிக்காரர் எழுதியது:

கால்நடை மருந்தகத்தில் உதவியாளராக இருக்கிறேன். இரண்டு பேர் சொல்வதும் பாதிப் பாதி சரி.

மணி ஏன் துரத்தியது என்று அதன் பக்கம் நின்று பாருங்கள். தினமும் யாரோ கேட்டுக்கு வருகிறார்கள். இது குரைக்கிறது. அவர்கள் போய்விடுகிறார்கள். அவர்கள் எப்படியும் போகத்தான் போகிறார்கள் என்று அதற்குத் தெரியாது. தான் குரைத்து விரட்டியதாகவே எண்ணிக்கொள்கிறது. மூன்று வருஷமாக ஒவ்வொரு நாளும் ஜெயித்துக்கொண்டிருக்கிற நாய் அது. அன்றைக்கு ஒருவர் போகாமல் உள்ளேயே வந்துவிட்டார். சத்தம் பத்தவில்லை, அடுத்த படிக்குப் போய்விட்டது.

பிஸ்கட் விஷயத்தில் நான் ஐயா கட்சி. அந்நியர் கையால் வேண்டாம். தீனி உங்கள் கையால் மட்டும், அதுவும் கேட்டிலிருந்து தள்ளி, கூண்டுக்குள்.

செய்ய வேண்டியது இது. கேட்டில் ஒரு மணி தொங்கவிடுங்கள், மாட்டுக்குக் கட்டுகிற வெண்கல மணி போதும். முதலில் நீங்களே கூண்டுப் பக்கம் நின்றுகொண்டு அதை அடியுங்கள், அடித்ததும் கூண்டுக்குள் ஒரு துண்டு கோழி ஈரல் போடுங்கள். ஒரு வேளைக்கு நாலைந்து தடவை, அதற்கு மேல் வேண்டாம். மணிச் சத்தம் கேட்டதும் தானாகக் கூண்டைப் பார்க்க ஆரம்பித்த பிறகு, மணியைக் கேட்டில் மாட்டி வீட்டு ஆளை விட்டு அடிக்கச் சொல்லுங்கள். அப்புறம் பக்கத்துத் தோப்புக்காரர். அப்புறம் தெரியாத ஆள். நாய் உள்ளே போனதும் கூண்டுக் கதவை ஒருவர் சாத்த வேண்டும், அதுதான் முக்கியம். சில நாய் இரண்டு வாரத்தில் பிடித்துக்கொள்ளும், சிலதுக்கு இரண்டு மாசம்.

அதுவரைக்கும் பகலில் ஓட்டக் கம்பி போடுங்கள். இரண்டு மரத்துக்கு நடுவில் கம்பி இழுத்து, வளையத்தில் சங்கிலி கோத்துவிட்டால் நாய் நீளத்துக்கு ஓடும். கம்பி கேட்டுக்குப் பத்தடி முன்னாலேயே முடிய வேண்டும். தயவுசெய்து கேட் தூணிலேயே கட்டாதீர்கள். வருகிற ஒவ்வொருவரையும் மூக்குக்கு நேராகக் காட்டி, ஆனால் எட்ட முடியாமல் வைத்தால் எந்த நாய்க்கும் வெறுப்பு ஏறும்.

ஊசி: குட்டிக்கு மூன்று மாசத்தில் முதல் ஊசி, அப்புறம் பூஸ்டர், அப்புறம் வருஷா வருஷம். மணிக்குக் கடைசியாக எப்போது போட்டீர்கள்?


வாய்க்கால்மேடு எழுதியது:

ஊசி போன தைப்பொங்கலுக்கு முன்னால் போட்டது. சீட்டு இருக்கிறது.

ஒரு சந்தேகம். நாய் பெயரும் மணி, அடிப்பதும் மணி. அம்மா இப்போதே, “மணியை அடிக்கச் சொல்லி யாருடா சொன்னது?” என்று சண்டைக்கு வருகிறார்.


ஓய்வுபெற்ற சைக்கிள் எழுதியது:

கிளை அஞ்சலகத்தில் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். முப்பது வருஷம் சைக்கிள். ஆனைமலை அடிவாரத்தில் எந்த வளவில் எந்த நாய், அதன் அம்மா யார் என்பதுவரை சொல்வேன்.

நாய்க்குப் பிடிக்காதது தபால்காரன் இல்லை, திடீரென்று முளைக்கிற தபால்காரன். அதனால் கேட்டில் போய் மணி அடிக்க மாட்டேன். வளைவுக்கு முன்னால், புளியமரத்தடியிலேயே அடிக்க ஆரம்பிப்பேன். கேட்டுக்குப் போவதற்குள் நாய் குரைத்து முடித்திருக்கும், வீட்டு அம்மாவும் வெளியே வந்திருப்பார். மணியார்டர் வருகிற வீட்டில் நாயையும் பிடித்துக்கொள்வார்கள், மோரும் கொடுப்பார்கள். கோர்ட் நோட்டீஸ் வருகிற வீட்டில் நாயைப் பிடிக்கச் சொன்னால் யாருக்கும் காது கேட்காது.

2005-ல் இந்திய அஞ்சல் துறை நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. இமயமலை ஆட்டு நாய், ராம்பூர், முதோல், நம்ம ராஜபாளையம். வெள்ளை உடம்பும் ரோஸ் மூக்குமாக அழகாக இருக்கும். அந்தத் தலை ஒட்டிய கவர் ஒன்றைக் கொண்டுபோன வீட்டில்தான் ஒரு ராஜபாளையம் என் கணுக்காலைப் பிடித்தது. என்னிடம் இப்போதும் அந்தத் தபால்தலை ஒன்று இருக்கிறது, தழும்பும் இருக்கிறது.

இந்த இழையில் யாரும் முகவரியைப் பற்றிப் பேசவில்லையே. எல்லை ஊரில் பாதி வம்பு அங்கேதான். பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15-ல். 64 என்று தொடங்கினால் நம்ம பக்கம், 67 என்றால் கேரளா. தோப்பு இந்தப் பக்கம், ரோடு அந்தப் பக்கம் என்று இருந்தால் பார்சல் பாலக்காட்டுக்குப் போய், சுற்றிக்கொண்டு பொள்ளாச்சிக்கு வரும். கொண்டுவருகிற பையனுக்கு ஊர் புதிது, கோபத்தோடு வருவான், நாய்க்கு அது உடனே தெரிந்துவிடும். 2025 மே மாதம் அஞ்சல் துறை டிஜிபின் என்று ஒன்று கொண்டுவந்திருக்கிறது. ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்து 10 குறி. நாட்டை ஏறக்குறைய 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி. ஒரு யோசனை: எடுக்கும்போது வீட்டில் நின்று எடுக்காதீர்கள். கேட்டில் நின்று எடுங்கள். ஆள் கேட்டுக்கு வந்தால் போதும், வீட்டைத் தேடி உள்ளே வர வேண்டாம்.


பார்சல் தம்பி எழுதியது:

ஐயா சொன்ன கடைசி விஷயத்துக்கு நூறு கும்பிடு. மேப்பில் லொக்கேஷன் அனுப்புகிறவர்கள் எல்லோரும் சோபாவில் உட்கார்ந்து அனுப்புகிறார்கள். அது காட்டுகிற வழியில் போனால் பின்பக்க வேலியில் கொண்டுபோய் நிறுத்துகிறது. அங்கேதான் நாய் படுத்திருக்கும்.


புளியரை எழுதியது:

செங்கோட்டைக்கும் ஆரியங்காவுக்கும் நடுவில் இருக்கிறோம். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிற அண்ணாச்சி பத்து வருஷமாக வருகிறவர். நாய்க்கு அவரை நன்றாகத் தெரியும். அதனால் கட்டுவதில்லை. அன்றைக்கு அவருக்குப் பதிலாக மருமகன் வந்தான். தோளில் நிறைந்த சிலிண்டர், எப்படியும் 30 கிலோ. காலி சிலிண்டரை எடுக்கும்போது படிக்கல்லில் பட்டு ணங்கென்று ஒரு சத்தம். பின்னங்காலைப் பிடித்துவிட்டது. தோளில் சுமை இருக்கிற ஆளால் ஓடவும் முடியாது, விலகவும் முடியாது. அதை நான் அதற்கு முன்னால் யோசித்ததே இல்லை.

மஞ்சள் வைக்கலாம், காபித்தூள் வைக்கலாம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நல்லவேளை, என் அக்கா நர்ஸ். எதையும் வைக்க விடவில்லை. குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்து முழுசாக 15 நிமிஷம் கழுவ வைத்தார். அப்புறம் அரசு ஆஸ்பத்திரி. கடித்த அன்று, 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் என்று நாலு தடவை ஊசி. பல் ஆழமாகப் பதிந்திருந்ததால் காயத்தைச் சுற்றிலும் தனியாக ஒரு மருந்து, இம்யூனோகுளோபுலின், அன்றைக்கே போட்டார்கள். எங்கள் நாய்க்கு ஊசி போட்ட சீட்டு இருந்தது. இருந்தும் 10 நாள் கட்டி வைத்துக் கவனிக்கச் சொன்னார்கள்.

நாலு தடவையும் நானே வண்டியில் கூட்டிப்போனேன். வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி கொடுத்தேன். அவன், “பரவால்லண்ணே” என்றுதான் சொன்னான். அவனுடைய மாமியார் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. 2024 ஜூலையிலிருந்து இருக்கிற புதுச் சட்டத்தில், பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆம் பிரிவு, வளர்க்கிற பிராணியைக் கவனக்குறைவாக விட்டு ஆளுக்கு ஆபத்து வந்தால் ஆறு மாதம் வரை சிறை, இல்லை 5,000 ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டும். பழைய சட்டத்தில் அபராதம் 1,000 ரூபாயாக இருந்தது. கேஸ் கொடுத்திருந்தால் நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்? ‘பழக்கப்பட்ட ஆள் என்று நினைத்தேன்’ என்றா?

வாய்க்கால்மேடு, உங்களுக்கு நடந்தது வாய்க்காலோடு போயிற்று. அந்தத் தம்பியைக் கண்டுபிடித்துச் செருப்பைக் கொடுங்கள்.


பள்ளிப்பட்டு எழுதியது:

எங்கள் எல்லை வேறு. நகரி, சித்தூர் பக்கம் ஆள் வருவார்கள். போர்டில் தமிழ், கீழே ‘குக்கலுன்னவி ஜாக்ரத்த’ என்று தெலுங்கு எழுதி வைத்தோம். அப்புறம் பார்த்தால் கூரியருக்கு வருகிற பையன் ஒடிசாக்காரன். இரண்டும் தெரியாது. கடைசியில் ஒரு நாய்ப் படமும், ஒரு மணிப் படமும், கேட்டுக்கு வெளியே ஒரு பெட்டிப் படமும் வரைய வைத்தேன். பெயின்டர் நாயைச் சிங்கம் மாதிரி வரைந்துவிட்டார். இன்னும் நல்லது.


கொழிஞ்சாம்பாறைக்காரி எழுதியது:

பெட்டி என்றதும் ஞாபகம் வந்தது. பழைய நீலப் பிளாஸ்டிக் பேரல் ஒன்றைப் படுக்கப் போட்டு, வாயை ரோட்டுப் பக்கம் வைத்து, கேட் தூணோடு இரும்புப் பட்டையால் இறுக்கி வைத்திருக்கிறோம். வாய்க்கு ஒரு மூடி, கீல், எண் பூட்டு. எண்ணைக் கூரியர் கூப்பிடும்போது சொல்வோம், மாசம் ஒருதரம் மாற்றுவோம். பேரல் கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இடவப்பாதி மழையில் பார்சல் மிதக்கும். வெறுமனே கேட் ஓரம் வைத்துவிட்டுப் போனால் எங்கள் கணவாய்க் காற்றில் லேசான கவர் பக்கத்துத் தோப்புக்குப் போய்விடும். ஒரு தடவை என் சுடிதார் பனைமரத்தில் இருந்தது.

பேரலில் கையை விடுவதற்கு முன் தட்டிவிட்டு விடுங்கள். நிழலும் சூடும் உள்ள இடம், பல்லியோடு நிற்காது.

ஓடிபி சொல்ல வேண்டிய பார்சலுக்கும், காசு கொடுத்து வாங்குகிறதுக்கும் பேரல் உதவாது. அதற்கு முன்கூட்டியே பணம் கட்டிவிடுவது, அல்லது பஸ் ஸ்டாப் மளிகைக் கடை முகவரி. கடைக்காரரிடம் முதலில் கேட்டுவிட்டுப் போடுங்கள். அவர் கடையில்தான் சாமானும் வாங்குங்கள். எல்லாவற்றையும் ஆன்லைனில் வாங்கிவிட்டு, அதை அவர் கடையிலேயே இறக்கி வைக்கச் சொல்கிறவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருக்கிறது.

அப்புறம் கள் இறக்குகிற சேட்டன். உங்கள் பக்கம் தடை, எங்கள் பக்கம் உண்டே. விடிவதற்கு முன்னால் ஒருதரம், சாயங்காலம் ஒருதரம் மரம் ஏற வருகிறார். பேரலா, மணியா, எதுவும் அவருக்குப் பொருந்தாது. அவர் மரத்துக்கு வந்தே ஆக வேண்டும். அவர் வருகிற நேரத்துக்கு நாய் கூண்டில், அவ்வளவுதான். நாள் தவறாது. ஒருநாள் நாங்கள் மறந்துவிட்டோம். கீழே நாய் படுத்திருக்கிறது, அவர் மரத்து மேலேயே உட்கார்ந்து எங்கள் குலத்தையே பேர் சொல்லிக் கூப்பிட்டார்.


கரட்டுக்காடு எழுதியது:

பேரல் நல்ல யோசனைங்க, அம்மிணி. நாயும் நாயாக இருக்கும். மணிப் பழக்கத்தில் மட்டும் எனக்கு இன்னும் ஒப்பவில்லை. திருடனும் மணி அடிப்பானே?


ஊசிக்காரர் எழுதியது:

பகலில் மட்டும் மணி, ஐயா. சாயங்காலம் மணியின் நாக்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிடலாம். ராத்திரி நாய் அவிழ்த்தே இருக்கட்டும்.


கரட்டுக்காடு எழுதியது:

அப்படியானால் சரிங்க.


வாய்க்கால்மேடு எழுதியது:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன்.

செருப்பு விஷயம் முதலில். கூரியர் ஆபீசில் போய்க் கேட்டு அந்தத் தம்பியைப் பிடித்தேன். பழைய செருப்பைக் கொடுக்கிற நிலையில் மணி வைத்திருக்கவில்லை. புதுசு ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தேன், கூடவே இருபது இளநீர். அவர், “கேட்டைத் தொறந்தது என் தப்புதாங்ணா” என்றார். நான் தாழ்ப்பாளைப் பற்றிச் சொன்னேன். இரண்டு பேரும் மாறி மாறித் தப்பை எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றோம். கணக்கெடுத்தால் அம்மாதான் ஜெயித்தார்.

கேட்டுக்குப் பூட்டு வந்துவிட்டது. ஓட்டக் கம்பி கட்டியாயிற்று, கேட்டுக்கு 12 அடி முன்னால் முடிகிறது. பேரல் வைத்தேன், முதல் வாரமே கட்டெறும்பு குடிவந்து ஒரு விதை பாக்கெட்டைத் தூக்கிக்கொண்டிருந்தது. இப்போது தூணைச் சுற்றிக் கிரீஸ் தடவியிருக்கிறேன். போர்டில் தமிழ், மலையாளம், ஒரு நாய்ப் படம். எங்கள் பெயின்டர் வரைந்தது ஆடு மாதிரி இருக்கிறது. ‘பட்டி’ என்று எழுதியிருப்பதற்குப் பொருத்தம்தான்.

மணிப் பழக்கம் முதல் இரண்டு வாரம் சுத்தமாக ஏறவில்லை. கோழி ஈரலைத் தின்றுவிட்டுத் திரும்பக் கேட்டுக்கே ஓடும். மூன்றாவது வாரம் அம்மா கையில் எடுத்தார். அவர் ஈரலைக் கண்ணிலேயே காட்டவில்லை, கூண்டுக்குள் வைத்துவிட்டுத் தன்பாட்டில் கீரை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார். நாய் தானாக உள்ளே போய்ப் பார்க்க ஆரம்பித்தது. கூண்டுக் கதவில் ஒரு கயிறு கட்டி, கீரை ஆய்கிற இடத்திலிருந்தே இழுத்துச் சாத்துகிற மாதிரி வைத்துக்கொண்டார். இதையெல்லாம் யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

நேற்று அதே தம்பி வந்திருக்கிறார். நான் மறுபடியும் மோட்டார் ரூமில். போன் இந்தத் தடவை சட்டைப் பையில்தான் இருந்தது, சைலன்ட்டில். திரும்பி வந்து பார்த்தால் ஒரு வாய்ஸ் மெசேஜ்: “அண்ணா, மணி அடிச்சேங்ணா. மணி கூண்டுக்குப் போயிருச்சு, அம்மா கதவைச் சாத்திட்டாங்க. இது காசு குடுக்கற பார்சல். இப்ப நீங்கதான் வரணும்.”